எட்டாவது பாரா

1983இல் எனக்கு இருபத்தொரு வயது. டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ் செய்துவிட்டு, தஞ்சை மாவட்டத்தில் எங்கள் ஊர் சப்-கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு மூத்த வக்கீலின் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மாதம் 150 ரூபாய். காலையில் போனதும் கார்பன் தாள்களை வெயிலில் காட்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், சாயங்காலம் விரல் நுனியெல்லாம் ஊதா நிறமாகியிருக்கும்.

விவாகரத்து மனு என்றால் சீனியர் புதிதாக எதையும் சொல்ல மாட்டார். பீரோவிலிருந்து பழைய கட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். "பேரு, ஊரு, தேதி மட்டும் மாத்திக்கம்மா. எட்டாவது பாரா அப்படியே இருக்கட்டும்." எட்டாவது பாராதான் கொடுமையைச் சொல்லும் பாரா. மனைவி போடும் மனுவுக்கு ஒன்று, கணவன் போடும் மனுவுக்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு. மனைவியின் பாராவில் கணவன் தினமும் குடித்துவிட்டு வந்து அடிப்பான். கணவனின் பாராவில் மனைவி மாமியாருக்குச் சோறு போட மாட்டாள், சொல்லாமல் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். எத்தனை முறை அடித்தேனோ, தாளைப் பார்க்காமலே விரல் தானாக ஓடும்.

அப்படி ஒரு பாரா தேவைப்பட்டதற்குக் காரணம் சட்டம். 1955ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டம், ஒருவர் மேல் ஒருவர் தப்பைக் காட்டினால்தான் கல்யாணத்தை முறித்துக் கொடுக்கும். அதிலும் ஆரம்பத்தில் கொடுமை, கைவிடுதல் இரண்டுக்கும் நேரே விவாகரத்து கிடையாது. கோர்ட் மூலம் பிரிந்து வாழ அனுமதி வாங்கலாம், அவ்வளவுதான். 1976இல் செய்த திருத்தம்தான் அவை இரண்டையும் விவாகரத்துக்குக் காரணமாக்கியது. இருவரும் சம்மதித்துப் பிரிகிற 13-பி பிரிவும் அப்போதுதான் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பிரிவுக்கு ஏழு வயது. ஆனாலும் எங்கள் ஊரில் அதைக் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள். "ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டா, யாரு மேல தப்புன்னு ஊரு கேக்குமே, என்ன சொல்றது?" என்று பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பார்கள். சில சமூகங்களில் பஞ்சாயத்தில் வைத்துத் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தைச் சட்டமும் தள்ளிவிடவில்லை. மற்றவர்களெல்லாம் தப்பைச் சுமந்துகொண்டுதான் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

1984இல் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயது இருக்கும். நாற்று நடவுக்குப் போகிற கைகள். மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கணவர் பெங்களூரில் ஹோட்டல் வேலை. அங்கே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார் என்று கேள்வி, ஆனால் பார்த்தவர் யாரும் இல்லை. பையிலிருந்து அவர் எடுத்தது ஒரு கத்தை மணியார்டர் கூப்பன்.

இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். மணியார்டர் பாரத்தின் அடியில் சின்னதாக ஒரு துண்டு இருக்கும். பணத்தைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் அதைக் கிழித்துக் கையில் தருவார். அனுப்பியவர் இரண்டு வரி எழுத அதில் இடம் இருக்கும். அந்தப் பெண் மாதவாரியாக அடுக்கி, ஊசியால் துளையிட்டு, நூலில் கோத்து வைத்திருந்தார். முதல் கூப்பன்களில் 'குழந்தைக்கு உடம்பு எப்படி', 'தீபாவளிக்கு வருகிறேன்' என்று இரண்டு வரியும் நிறைந்திருந்தன. பிறகு ஒரு வரி. பிறகு எழுத்தே இல்லை, முத்திரை மட்டும். கடைசிக் கூப்பனில் 1981 அக்டோபர் முத்திரை. அதற்கப்புறம் நூல்தான் தொங்கியது.

சீனியர் அவற்றைப் புரட்டிவிட்டு, "கைவிட்டது கரெக்டா நிக்கும். எதுக்கும் எட்டாவது பாராவும் போட்டுடும்மா" என்றார். மனு இங்கிலீஷில் இருக்கும். கையெழுத்து வாங்குவதற்கு முன் கட்சிக்காரருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவது என் வேலை. வாசித்தேன். குடித்துவிட்டு வந்து அடித்தார் என்ற இடம் வந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, அவரு அடிக்கலம்மா. ஒரு நாளும் கை வச்சதில்ல. விட்டுட்டுப் போனாரு, அதான் நெசம். அத மட்டும் எழுதுங்க."

சீனியரிடம் போய்ச் சொன்னேன். "கேஸ் நிக்கணுமேம்மா" என்று சலித்துக்கொண்டார். அந்தப் பெண் எழுந்து நின்று, "நாளைக்கி எம் புள்ள கேட்டா நான் என்ன சொல்லுவேன் அய்யா?" என்றார். சீனியர் வெகுநேரம் பேசவில்லை. அந்தப் பாராவை எடுத்துவிடச் சொன்னார். நான் தாளை உருவிவிட்டு மறுபடி அடித்தேன்.

கைவிட்டதை நிரூபிப்பது எளிய காரியம் இல்லை. மனு போடும் நாளுக்கு முன்னால் தொடர்ந்து இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும். அது போதாது. திரும்பி வரும் எண்ணமே இல்லாமல், நியாயமான காரணமும் இல்லாமல் போனார் என்று காட்ட வேண்டும். பிழைக்கப் போவது வேறு, கைவிட்டுப் போவது வேறு. எங்கள் பக்கத்தில் வெளியூர்ப் பிழைப்புக்குப் போகாத குடும்பம் எது? அந்த வித்தியாசத்தை அந்தக் கூப்பன்கள் காட்டிக் கொடுத்தன. பெங்களூர் விலாசத்துக்குப் போன சம்மன் ஆள் இல்லை என்று திரும்பியது. பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம். அவர் வரவில்லை. எதிர்த்தரப்பு வராவிட்டாலும் தப்பை நிரூபிக்காமல் கோர்ட் விவாகரத்து தராது. அந்தப் பெண் கூண்டில் ஏறினார். நூலில் கோத்த கூப்பன்களை நீதிபதி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். தீர்ப்பு கிடைத்தது.

தீர்ப்பு நகல் வாங்க வந்தபோது அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "எம் மேல தப்பு இல்லன்னு எந்த எடத்துல எழுதியிருக்கு?" விரலை வைத்துக் காட்டினேன். நியாயமான காரணம் எதுவுமின்றி எதிர்மனுதாரர் மனுதாரரைக் கைவிட்டார் என்பது நிரூபிக்கப்பட்டது என்ற வரி. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தரச் சொன்னார். இன்னொரு நகலுக்கும் பணம் கட்டினார். அது மாமனாருக்கு.

தப்பு காட்டி வாங்கும் விவாகரத்தை முற்றாக ஒழித்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பென்சில் கோடுதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் யார் மேலும் தப்புச் சொல்லத் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். "வாழாவெட்டி" என்று ஒரு சொல்லைப் பெண்ணின் நெற்றியில் ஒட்டிவைத்த ஊரில், தப்பு யாருடையது என்று ஒரு நீதிபதி எழுதித் தருவது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று 1986இல் நடந்தது. அதில் என் கையும் இருக்கிறது.

கணவர் அரசு உத்தியோகம், மனைவி பள்ளி ஆசிரியை. பதினோரு வருட வாழ்க்கை, ஒரு பையன். ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இருவருக்கும் அது தெரியும். ஆனால் சம்மத மனுவில் கையெழுத்துப் போட ஆசிரியையின் அப்பா விடவில்லை. கணவர் எங்களிடம் வந்தார். "சம்மதம் இல்லேன்னா தப்பு காட்டித்தான் ஆகணும்" என்றார் சீனியர். "உங்க வீட்டம்மா வேற யார்கூடயாவது பேசுவாங்களா?" கணவர் தயங்கித் தயங்கி, "ஸ்கூல்ல சயன்ஸ் சார்கிட்ட பேசுவா" என்றார். அது போதுமானதாக இருந்தது. நான் அடித்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீலிடமும் ஓர் எட்டாவது பாரா இருந்தது. பதில் மனுவில், மகனைப் பெற்ற அந்த மனிதர் ஆண்மையற்றவர் என்று எழுதியிருந்தார்கள்.

விசாரணை அன்று கோர்ட் ஹாலின் கதவைச் சாத்தினார்கள். கட்டைத் தூக்கிக்கொண்டு போன நான் உள்ளேயே நின்றேன். ஆசிரியை கூண்டில் இருந்தார். மனுவின் அந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார் எங்கள் சீனியர். எங்கள் மெஷினில் இங்கிலீஷ் 'ஈ' எழுத்தின் வயிற்றில் மை அடைந்து, விழும்போது கறுப்புப் பொட்டாக விழும். தள்ளி நின்ற எனக்கு அந்தக் கறுப்புப் பொட்டுகள்தான் தெரிந்தன. ஆசிரியை வாசித்து முடித்தார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்து, "பதினோரு வருஷம் என்கூட இருந்தவர் நீங்கதான?" என்று கேட்டார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை, மனு தள்ளுபடியானது. அப்பீல் போனார்கள். இருவருக்கும் விடுதலை கிடைப்பதற்குள் பையன் பத்தாவது முடித்துவிட்டான். சயன்ஸ் சார் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். 1993இல் பகத் தம்பதி வழக்கில், மனுவிலும் பதிலிலும் எழுதும் ஆதாரமற்ற அவதூறே மனரீதியான கொடுமையாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது நான் சட்டம் படித்து முடித்து வக்கீலாகியிருந்தேன். தீர்ப்பைப் படித்தபோது அந்த ஆசிரியையின் முகம் வந்தது. பொய்யாக எழுதிய கொடுமை பாராவே ஒரு கொடுமை என்று சட்டம் ஒப்புக்கொள்ள ஏழு வருடம் தாமதம்.

சட்டத்தின் தப்புப் பட்டியலே அன்று எப்படி இருந்தது தெரியுமா? குணப்படுத்த முடியாத குஷ்டம் என்றொரு காரணம் அதில் இருந்தது. நோய் தப்பாகுமா? கூட்டு மருந்து வந்து, நோயாளிகள் முழுசாகக் குணமாகி வீடு திரும்பத் தொடங்கிய பிறகும் அந்த வரி சட்டத்தில் கிடந்தது. 2019இல்தான் எடுத்தார்கள். கிறிஸ்தவப் பெண்களின் நிலை இதைவிட மோசம். 1869ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டப்படி கணவன் மனைவியின் ஒழுக்கத்தை மட்டும் குற்றம் சாட்டினால் போதும். மனைவியோ, கணவன் வேறு பெண்ணோடு வாழ்கிறான் என்று மட்டும் சொன்னால் போதாது. அதோடு கொடுமையையோ இரண்டு வருடம் கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அப்படி வந்த ஒரு நர்சம்மாவிடம், "அவரு உங்களை அடிச்சாராம்மா?" என்று சீனியர் கேட்டார். "இல்லீங்க. இன்னொருத்திகூட இருக்காரே, அது பத்தாதா?" என்றார் நர்சம்மா. பத்தாது என்றுதான் சட்டம் சொன்னது. 2001இல் அது மாறியது. நர்சம்மா அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்.

இப்போது எனக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுவதைக் குறைத்துக்கொண்டு சமரச மையத்தில் மத்தியஸ்தராக உட்கார்கிறேன். மஞ்சள் பை போய் பென் டிரைவ் வந்திருக்கிறது. வாட்ஸப் ஸ்கிரீன்ஷாட்டை அடுக்கி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மனைவி அழுவதைக் கணவன் தெரியாமல் பதிவு செய்திருக்கிறான், கணவன் கத்துவதை மனைவி பதிவு செய்திருக்கிறாள். இப்படித் திருட்டுத்தனமாக எடுத்ததைச் சாட்சியமாக ஏற்கலாமா என்று நீதிமன்றங்களுக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. மனைவியின் போன் விவரங்களைக் கணவன் திருட்டுத்தனமாக எடுத்த வழக்கில், அந்தரங்க உரிமையை மீறி வாங்கிய ஆதாரம் செல்லாது என்று 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. 2025 ஜூலையில், தம்பதியரின் பேச்சை ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் தப்பை நிரூபித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும் வரை, படுக்கையறையில் தலையணைக்கடியில் போன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனக்கு இது பெரிய வேதனை.

போன மாதம் ஒரு பையன் வந்தான். சென்னையில் ஐ.டி. வேலை. "எந்த கிரவுண்ட் போட்டா மேடம் சீக்கிரம் கிடைக்கும்? க்ரூயல்டி போட்டுடலாமா?" என்று கேட்டான். மனைவி என்ன கொடுமை செய்தாள் என்று கேட்டேன். யோசித்தான். "கொடுமைன்னு இல்ல மேடம். ரெண்டு பேருக்கும் செட் ஆகல." அந்தப் பெண்ணுக்கும் பிரிவதில் சம்மதம்தானாம். அப்புறம் எதற்கு தம்பி கொடுமை? ஒரு வருடம் பிரிந்திருந்தால் சேர்ந்து மனு போடலாம். போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறது சட்டம். இனி சேர வாய்ப்பே இல்லை, ஜீவனாம்சம் முதல் குழந்தை வரை எல்லாம் பேசி முடிந்தது என்றால் அந்த ஆறு மாதத்தையும் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்திருக்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "அப்ப அவ மேல எதுவும் எழுத வேண்டாமா?" என்று கேட்டான். அவன் முகத்தில் தெரிந்தது நிம்மதிதான்.

ஆனால் எல்லாரையும் சம்மதத்துக்கு அனுப்பிவிட முடியாது. சமரச மேஜையில் உட்கார்ந்து அதைத்தான் தினமும் பார்க்கிறேன். அடிபட்டு வந்த பெண்ணிடம் "மியூச்சுவல்ல போயிடும்மா, சீக்கிரம் முடியும்" என்று எல்லாரும் சொல்வார்கள். சீக்கிரம் முடிவது யாருக்கு வசதி? நகையைத் திருப்பித் தராமல், குழந்தைக்கு ஒரு பைசா எழுதித் தராமல், கையெழுத்துக்கு மட்டும் அவசரப்படுத்துகிற கணவனுக்கு. நிரந்தர ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது இரு தரப்பின் நடத்தையையும் கோர்ட் பார்க்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நடந்த கொடுமை பதிவில் ஏறாவிட்டால் கோர்ட் எதைப் பார்க்கும்? கணவன் வேண்டுமென்றே கையெழுத்துப் போடாமல் இழுக்கிறான், இல்லை எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை என்றால், தப்பைச் சொல்லிப் போடும் மனுதான் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே கதவு. ஆணுக்கும் அப்படியே. உண்மையாகவே கொடுமைக்கு ஆளான ஆண்களையும் பார்த்திருக்கிறேன். ஊர் சிரிக்கும் என்று அதைச் சொல்லவே கூசுகிறார்கள். அவர்களிடமும் நடந்ததை எழுதச் சொல்கிறேன்.

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ஆசிரியையும் கணவரும் மாதிரி, அவர்களுக்குத்தான் இன்றும் வழி இல்லை. யார் மேலும் தப்பில்லை, ஆனால் ஒருவர் சம்மதிக்கவில்லை. மீள முடியாதபடி முறிந்துபோன கல்யாணத்தை அந்தக் காரணத்துக்காகவே முடித்து வைக்கலாம் என்று சட்டக் கமிஷன் 1978இலேயே சொன்னது, 2009இல் மறுபடி சொன்னது. அதற்கான மசோதா 2013இல் மாநிலங்களவையைத் தாண்டியது. மக்களவையைத் தாண்டவில்லை, காலாவதியானது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிப்பட்ட கல்யாணத்தை உச்ச நீதிமன்றமே தன் சிறப்பு அதிகாரத்தில் முடித்து வைக்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் மட்டும்தான். எங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்ற நீதிபதிக்கு அந்த அதிகாரம் கிடையாது. நடவுக்குப் போகிற பெண் டெல்லிக்கு எப்படிப் போவாள்? பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய பணத்துக்கு முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, அந்த அதிகாரத்தைக் கீழ்க் கோர்ட்டுக்கும் நாடாளுமன்றம் தர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

எட்டாவது பாரா இன்னும் சாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் சமரசத்துக்கு வந்த ஒரு கட்டில், மனைவியின் பெயர் வர வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பழைய மனுவை எடுத்து ஒட்டியபோது மாற்ற மறந்திருக்கிறார்கள். கணவனிடம் காட்டினேன். "நான் படிக்கல மேடம். சைன் பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன்" என்றான். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் அவமானத்தைத் தன் மனைவி மேல் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தான்.

மனுவின் கடைசியில் 'மேலே கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழேதான் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று எவனோ நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெண்களுக்கு வருமானக் கணக்குக் கேட்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். யாரை வைத்தாலும் மனுவைத் தமிழில் முழுசாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். நடந்தது விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். நடக்காதது இருந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.